தார்ப்பாய்க்கு அடியில்

டோரீன் யாரையும் எளிதில் நம்பிவிடுகிற பெண் இல்லை. வயல்லா ஊரில் இருபத்தேழு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் எப்படி நம்புவாள்? பின் இருக்கையில் ஒரு பையன் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தால், வண்டியை ஓரங்கட்டிவிட்டு நேரே போய் அவன் பையைத் திறப்பாள். உள்ளே பல்லியோ ஓணானோ இருக்கும். ஒருமுறைகூட அவள் ஊகம் தப்பியதில்லை.

அந்தப் பொல்லாத மூக்கைக் கட்டிய புருஷன் பக்கம் அவள் திருப்பியது, ஊர் மாறிப் போகும் வழியில், செடூனாவில்தான்.

வயல்லா வீட்டை விற்றுச் சாவியைக் கொடுத்தாயிற்று. நாட்டின் மேற்கே, எஸ்பரன்ஸில், கடலுக்கு நாலு தெரு தள்ளி ஒரு வாடகை வீட்டைப் பேசி வைத்திருந்தான் நெவில். வண்டிக்குப் பின்னால் இழுவை, அதில் கட்டில், மேஜை, சட்டிபானை, எல்லாவற்றுக்கும் மேல் நீலத் தார்ப்பாய். முன் இருக்கையில் இருவருக்கும் நடுவே பட்டன். பதினோரு வயதுக் கெல்பி நாய். ஒரு காது எப்போதும் மடிந்தே இருக்கும். பிள்ளை இல்லாத அந்த வீட்டில் சண்டை போட்டாலும் சமாதானம் ஆனாலும் நடுவில் அதுதான்.

செடூனாவில் பெட்ரோல் போடும்போது நெவிலுக்கு ஃபோன் வந்தது. “இங்கேயே இரு டோர்” என்று சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். காற்றில் இரண்டே துண்டுகள் அவள் காதுக்கு வந்தன. “நாயா?” என்பது ஒன்று. “சரி, அப்போ அதோட முடிச்சுக்குவோம்” என்பது இன்னொன்று.

திரும்பி வந்தவன் முகம் செத்திருந்தது.

“யாரு?”

“ராங் நம்பர்.”

“ராங் நம்பரோட கால் மணி நேரம் என்ன பேச்சு?”

“பாவம், பேச ஆள் இல்லாதவன் போல.”

அடப்பாவி! கேட்கிறவள் கேனச்சியா? அதோடு விட்டானா, “ஐஸ் வாங்கிட்டு வர்றேன்” என்று கடைத்தெருவுக்குள் போனவன், அரை மணி கழித்து ஐஸ் இல்லாமல் ஒரு நீள மூட்டையோடு வந்தான். அதைத் தார்ப்பாய்க்கு அடியில் தள்ளி, இரட்டை முடிச்சுப் போட்டான். தள்ளும்போது உள்ளே கம்பிகள் உரசிக்கொண்டன.

கூண்டு! மடக்குக் கூண்டேதான். டோரீனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புது வீட்டுக்காரன் நாய் கூடாது என்றிருக்கிறான். இவனும் தலையாட்டிவிட்டான். வழியில் ஏதோ ஒரு பெட்ரோல் நிலையத்துக்காரனிடம் பட்டனைக் கூண்டில் போட்டுக் கொடுத்துவிட்டு, ஓடிப்போச்சு என்று கதை விடப்போகிறான்.

அதிலிருந்து நாயின் கயிறு அவள் மணிக்கட்டை விட்டு இறங்கவில்லை. கழிப்பறைக்கும் பட்டனோடுதான் போனாள். நெவில் கண்ணாடி துடைக்க இறங்கிய நேரம் பார்த்து, வண்டியின் மாற்றுச் சாவியை எடுத்துக் காலுறைக்குள் செருகிக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம், மேற்கு எல்லைச் சோதனைச் சாவடிக்கு முன்னால் கடைசி நிறுத்தம். பூச்சியும் களையும் பரவிவிடும் என்று, பழமோ காய்கறியோ எதுவும் மேற்கு மாநிலத்துக்குள் போகக் கூடாது. அதனால் நாலைந்து வண்டிக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து தின்று தீர்த்துக்கொண்டிருந்தார்கள். இவர்களிடம் ஆறு ஆப்பிள், ஒரு கட்டுக் கேரட். நெவில் நல்ல ஆப்பிளாகப் பார்த்து நறுக்கிப் பட்டனுக்கு ஊட்டினான்.

“என்ன திடீர்னு இவ்வளவு பாசம்?”

“வயசான ஜீவன். தின்னுட்டுப் போகட்டும்.”

“எங்க போகட்டும்?”

“ஐயோ டோர், கேரட்டைக் கடி.”

வெட்டப் போகிற ஆட்டுக்குத் தழை காட்டுகிறான் பார்!

சாவடியில் மூக்கு வெயிலில் உரிந்த ஒரு அதிகாரிப் பெண் எட்டிப் பார்த்தாள். “பழம், காய், தேன் எதாவது?”

நெவில் வயிற்றைத் தட்டினான். “எல்லாம் இங்க பத்திரமா இருக்கு.”

“பின்னால?”

“தட்டுமுட்டுச் சாமான்.”

டோரீன் கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். “அந்த நீள மூட்டையைப் பிரிச்சுப் பாரும்மா. நேத்துலேர்ந்து என்னைத் தொட விடமாட்டேங்கறான்.”

“டோர், வேணாம்…”

அதிகாரி முடிச்சை அவிழ்த்தாள். மூட்டை அவிழ்ந்து விழுந்தது. யாரோ உபயோகித்து விற்ற பழைய கூடாரம், கம்பிகளோடு. துணியெல்லாம் செம்மண், மடிப்பெல்லாம் புல்விதை.

“பழத்தை ஞாபகமா தின்னீங்க, மண்ணை மறந்துட்டீங்களே! இப்படியே விட முடியாது.”

முப்பது வருஷம் இதே சாலையில் லாரி ஓட்டிய நெவிலுக்குக் காது சிவந்துபோயிற்று.

“எத்தனை நாள் முகாம்?” என்று கேட்டாள் அதிகாரி.

நெவில் தன் பூட்ஸைப் பார்த்தான். “வீடு கிடைக்கிற வரைக்கும்.”

டோரீன் அவன் பக்கம் திரும்பினாள். “அப்போ எஸ்பரன்ஸ் வீடு?”

“போச்சு. நாயா வீடான்னு வீட்டுக்காரன் கேட்டான். நாய்னு சொல்லிட்டேன்.” கூடாரத்தைக் காட்டினான். “உன் இடுப்புக்குத் தரையில படுக்க ஆகாது. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. திரும்பிப் போகவும் நமக்கு வீடில்லையே, டோர்.”

அதிகாரி இரண்டு பிரஷ்களைக் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தப் பாலையில் கழுவ ஏது தண்ணீர்? இருவரும் மண்டியிட்டு, விதை விதையாகப் பிய்த்து, மண்ணைத் தேய்த்தார்கள். பட்டன் கூடாரத்தின் நடுவில் போய்ப் படுத்துக்கொண்டது. வெட்கம் டோரீனைப் பிடுங்கித் தின்றது. கடைசியில் காலுறைக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்து நீட்டினாள்.

“இது எதுக்கு உன்கிட்ட?”

“அடுத்த தடவை நீ இறங்கினதும், உன்னை அங்கேயே விட்டுட்டு நானும் பட்டனும் கிளம்பிடலாம்னு எடுத்தேன்.”

நெவில் சாவியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். “போயிருந்தா, வீடும் இல்லாம எங்கடி படுத்திருப்பே?” என்று சொல்லிவிட்டு, சாவியை அவள் கையிலேயே திருப்பி வைத்தான்.