பிச்சாவரம் படகில் 'முறுக்கு' என்று சொன்னால் அவுட்!

2010, மாசி மாதத்துச் சனிக்கிழமை. கடலூரில் ஒரு முறுக்குக் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். சென்னைக்குப் போகும் சரக்கெல்லாம் தூளாகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை அனுப்பும் பெட்டியும் உடைந்தால் ஆர்டர் ரத்து என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அதோடு எட்டுப் பேருக்கு வேலை போய்விடும். பதறிப்போய் இரண்டு வாரமாக ஞாயிறு லீவையும் டீ நேரத்தையும் நிறுத்தியிருந்தேன். மூன்று மீட்டிங் போட்டேன். ஒரு யோசனையும் வரவில்லை.

என் மச்சினன் குமார்தான் அங்கே முறுக்குச் சுடும் சரக்கு மாஸ்டர். "மாமா, ஆளுங்க ஓஞ்சி போயிட்டாங்க. ஒரு நாள் வுடுங்க, பிச்சாவரம் போயிட்டு வரலாம்" என்றான். அரை மனதோடு கிளம்பினேன்.

காலை 7.10க்குக் கடலூரில் பஸ். சிதம்பரம் 45 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், தலைக்குப் பதினெட்டு ரூபாய். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் 16 கிலோமீட்டர், ஆறு ரூபாய். பத்து மணிக்குப் படகேறினோம்: நான், குமார், பேக்கிங்கில் இருக்கும் செல்வி, ரோசி.

குமார் ஒரு விளையாட்டு வைத்தான். 'முறுக்கு' என்று யார் சொன்னாலும் அவுட். அவுட்டானவர் கரை சேரும்வரை பேசக்கூடாது. படகு நகரும் முன்பே நான் அவுட்!

சுரபுன்னைக் காட்டுக்குள் நுழைந்ததும் அப்படி ஒரு குளிர்ச்சி! படகுக்காரர் துடுப்பை மடியில் வைத்துவிட்டார். "தண்ணியே இழுத்துக்கிட்டுப் போற எடத்துல துடுப்பு போட மாட்டேன் சார். கைக்கு ரெஸ்ட் குடுத்தாதான் திரும்பி வர முடியும்."

செல்வி வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். திடீரென்று, "அய்யோ, முறுக்க..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அவுட்டு!" என்று கத்தினார்கள். அவள் விடவில்லை. கைகளைத் தலைக்கு மேல் வட்டமாக வளைத்து முறுக்கானாள். ரோசியின் மடியில் படுத்து, நொறுங்குவதுபோல் முகத்தைச் சுளித்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, ரோசியின் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு சிரித்தாள்.

"படுக்கப் போடாம நிக்க வைக்கணுமா?" குமார் துள்ளியதில் படகே ஆடியது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நாங்களேதான் உடைத்திருக்கிறோம்! 'அதற்கு வேறு பெட்டி வேண்டுமே' என்று தடுக்க என் நாக்கு துடித்தது. பேச முடியாது. அதற்குள், இருக்கிற பெட்டியிலேயே அட்டைத் தடுப்பு வைக்கலாம் என்று ரோசி வழி சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை அப்படியே அனுப்பினோம். செவ்வாய் காலை போன் வந்தது: ஒன்றுகூட உடையவில்லை! குதித்தேன். டீ நேரத்தையும் ஞாயிறு லீவையும் அன்றே திருப்பிக் கொடுத்தேன்.

போகிறவர்கள் பத்து மணிக்குள் படகெடுங்கள். பிறகு வெயில் தாங்காது. தொப்பியும் தண்ணீரும் அவசியம். படகுக்கு நால்வருக்கும் சேர்த்து நூற்றறுபது ரூபாய் கொடுத்தோம். கூட வேலை செய்பவர்களோடு போனால் எங்கள் விளையாட்டை ஆடிப் பாருங்கள். ஓய்ந்துபோன ஆளை மிரட்டினால் யோசனை வராது. எனக்கு இது தாமதமாகத்தான் புரிந்தது.

மூன்று மீட்டிங்கிலும் ஏன் சொல்லவில்லை என்று செல்வியைக் கேட்டேன்.

"நீங்க எங்கண்ணே பேச வுட்டீங்க?" என்றாள்.