இரண்டாம் பகுதி

வரலாற்றுத் துறையில் அந்தப் பேராசிரியருக்கு 'அடிக்குறிப்பு' என்று பெயர். மழை பெய்கிறது என்று சொன்னால்கூட ஆதாரம் கேட்பார் என்று மாணவர்கள் கேலி பேசுவார்கள். துறையின் இணையப் பக்கத்தில் அவர் படத்துக்குக் கீழே, ஆய்வு ஆர்வம் என்று ஒரே வரிதான்: துறைமுகச் சுமைதூக்கிகளின் வரலாறு. இளம் வயதில் அதைப் பற்றி அருமையான கட்டுரை ஒன்று எழுதினார். சுமைதூக்கிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கும் இடத்தில் 'இரண்டாம் பகுதியில் தொடரும்' என்று நிறுத்தினார். நிறுத்தினார் என்றால் நிறுத்தியே விட்டார். பதவி உயர்வு வந்தது, கூட்டங்கள் வந்தன, மலைமலையாக விடைத்தாள்கள் வந்தன. இரண்டாம் பகுதி மட்டும் வரவில்லை. மனைவி கொஞ்ச காலம் கேட்டுப் பார்த்தாள். அவர் இதோ அதோ என்று இழுத்தடிக்க, பாவம், அவளும் விட்டுவிட்டாள்.

இந்த வருடம் முனைவர் பட்டச் சேர்க்கைக்கு, அவரிடம்தான் ஆய்வு செய்வேன் என்று ஒரு பெண் வந்து நின்றாள். இப்படி அவரைத் தேடி ஒருவர் வந்து வெகுகாலம் ஆகிவிட்டதால், நேர்முகத் தேர்வு அறையில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஆய்வுத் திட்டத்தில் வேலைநிறுத்தம் பற்றிய இடத்தை ஏன் காலியாக விட்டிருக்கிறாய் என்று துறைத்தலைவி அவளைக் கேட்டார்.

"அது சாரோட ரெண்டாம் பகுதில இருக்குமே மேடம். எல்லா நூலகத்துலயும் தேடினேன், கிடைக்கல. சார்கிட்டயே கேட்டு வாங்கிப் படிச்சிட்டு எழுதலாம்னு விட்டுட்டேன்."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. 'இல்லை' என்று ஒரு சொல் சொன்னால் போதும். அதை மென்று விழுங்கிவிட்டு, முழுமையான திட்டம் தராதவர்களைச் சேர்க்க விதியில் இடமில்லை என்றார். விதி அப்படித்தான் இருந்தது. அவரே எழுதிக் கொடுத்த விதி. அவள் எழுந்து வெளியே போனாள். துறைத்தலைவி பட்டியலில் அவள் பெயரை அடிக்கப் பேனாவைத் திறந்தபோது பேராசிரியருக்கு உடம்பெல்லாம் கூசியது. தன் சோம்பலுக்கு யார் வீட்டுப் பெண்ணையோ பலி கொடுக்கிறோமே, நாமும் ஒரு வாத்தியாரா என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

"அடிச்சிடாதீங்க மேடம்," என்றார். "ரெண்டாம் பகுதின்னு ஒண்ணு கிடையாது. நான் எழுதவே இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. இந்த வாரத்துக்குள் அவள் திட்டத்தை நிரப்பிக் கொடுக்கட்டும், ஆனால் காரணத்தை நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்றார் துறைத்தலைவி.

நடைவழியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம், முகத்தைப் பார்க்காமல் சொல்லி முடித்தார். நன்றாக நாலு வார்த்தை கேட்பாள் என்று காத்திருந்தார். அவளுக்கோ முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப அதை இன்னும் யாருமே எழுதலையா சார்? நானே எழுதட்டுமா?"

அவர் கூனிக் குறுகிப் போனார். எழுதும்மா என்று தலையை ஆட்டினார்.

மாலை வீட்டுக்குள் நுழைந்து பையை வைத்தபடியே, இரண்டாம் பகுதி வரப்போகிறது என்று மனைவியிடம் சொன்னார். துணி மடித்துக்கொண்டிருந்த அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"யாரு எழுதுறாங்க?" என்று கேட்டாள்.