வீட்டுல கேட்டுச் சொல்றேன்

பெரிய மருத்துவமனையின் தொலைபேசி இணைப்பகத்தில் இருப்பவளை எல்லாரும் ஆபரேட்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஹெட்போனை மாட்டினால் போதும், "எக்ஸ்ரே பேசுறேன்", "கேன்டீன் பேசுறேன்", "மூணாவது மாடி பேசுறேன்" என்று அறைகளும் மாடிகளும் அவளோடு பேசும். பள்ளி இறுதித் தேர்வில் தமிழில் மட்டும் கோட்டை விட்டவள். அதில் தேறினால் பதவி உயர்வு உண்டு என்று மேலாளர் சொன்னதால், நாற்பதைத் தாண்டிய பிறகு மாலை வகுப்பில் சேர்ந்திருந்தாள்.

அன்றைக்குப் பாடம் ஆகுபெயர். ஒன்றின் பெயர் அதோடு தொடர்புள்ள இன்னொன்றுக்கு ஆகி வருவது. "ஊர் சிரித்தது" என்றால் மண்ணும் மதிலுமா சிரித்தது, ஊரில் இருக்கிறவர்கள்தானே என்று ஆசிரியை கேட்டார். அப்படியானால் எங்கள் கேன்டீன் பேசுவதும் ஆகுபெயரா என்று ஆபரேட்டரம்மா எழுந்து கேட்டாள். வகுப்பு சிரித்தது. இப்போது சிரித்ததும் ஆகுபெயர்தான் என்ற ஆசிரியை, ஆண்கள் மனைவியைச் சொல்லாமல் "வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்பதையும் பலகையில் எழுதிப் போட்டார். அவள் கணவர் வாயைத் திறந்தால் அதுதான்.

அந்தச் சந்தோஷம் வீட்டு வாசல் வரைதான் தாங்கியது. லிஃப்ட் பழுது பார்க்கிற கணவர் பால்கனியில் நின்று கூட்டாளியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"வீடு முன்ன மாதிரி இல்ல மாப்ள. எதைத் தொட்டாலும் சத்தம். எத்தனை நாள் மல்லுக்கட்டுறது? வேற ஒண்ணு பாத்து வெச்சிட்டேன். வீட்டுல இன்னும் சொல்லல."

ஒரு செருப்பைக் கழற்றியவள் மற்றதைக் கழற்ற மறந்து நின்றாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. குளியலறைக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள், கிறீச்சிட்டது. சரி, வீட்டைத்தான் சொல்லியிருப்பார். மறுநிமிடமே, காலையில் துண்டை ஈரமாகப் போட்டதற்குத் தான் கத்தியது நினைவுக்கு வந்தது. அதுவும் சத்தம்தானே? மறுநாள் வேலையில் மனம் ஒட்டவில்லை. மருந்தகத்தைக் கேட்டவருக்குப் பிணவறையைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டாள். வகுப்பு முடிந்ததும், யாரோ சொன்னதுபோல, "வீடு முன்ன மாதிரி இல்ல" என்பது ஆகுபெயரா என்று ஆசிரியையிடம் கேட்டாள். சொன்னவர் எதை நினைத்துச் சொன்னார் என்று தெரியாமல் எப்படிச் சொல்வது, அவரையே கேளுங்கள் என்று ஆசிரியை பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாப்பாட்டில் கணவர் கை வைத்ததுமே கேட்டுவிட்டாள்.

"வேற ஒண்ணு பாத்து வெச்சிருக்கீங்களாமே. யாரு அவ?"

"எவ?"

"வீடு முன்ன மாதிரி இல்லன்னு போன்ல சொன்னீங்களே."

அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். "ஆமா. ஒழுகுதுல்ல?"

"நானா ஒழுகுறேன்?"

அவள் ஆகுபெயரை விளக்கி முடித்ததும் அவருக்குப் புரையேறியது. தலையில் தட்டிக்கொண்டே சிரித்தார். நிஜமாகவே வேறு வாடகை வீடு பார்த்திருந்தார், தான் வேலை பார்க்கும் லிஃப்ட் பட்டறைக்குப் பக்கத்திலேயே. மாதக் கடைசியில் காலி செய்வதாக இந்த வீட்டுக்காரரிடமும் சொல்லியாகிவிட்டது.

அவளும் சிரிக்கத்தான் பார்த்தாள். ஆனால் பட்டறை ஊரின் மறுகோடி. அங்கிருந்து வேலைக்கு வருவதே பாடு. வகுப்பு முடிந்து திரும்பப் பேருந்து கிடையாது.

"வீட்டை மாத்த வீட்டுல கேக்கணும்னு தோணலையா?"

"இந்த ஒரு தடவைதான். மத்தபடி எதுன்னாலும் வீட்டுல கேட்டுச் சொல்றேன்னுதானே எல்லார்கிட்டயும் சொல்றேன்?"

"எல்லார்கிட்டயும் சொல்றீங்க. எங்கிட்ட எப்ப கேட்டீங்க?"

சீட்டுப் பிடிக்கிறவர், கல்யாணத்துக்கு அழைக்கிறவர், வேலை மாறக் கூப்பிட்டவர் என்று எத்தனையோ பேரைத் தட்டிக் கழிக்க அந்தச் சொல் அவருக்குக் கை கொடுத்திருந்தது. அதற்குள் இருந்தவளை ஒருமுறையும் கேட்டதில்லை. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இருவருமாக அந்த வீட்டைப் பார்க்கப் போனார்கள். அறைகள் நல்ல அறைகள். குழாயில் தண்ணீர் கொட்டியது. வீட்டுக்காரர் சாவியை ஆட்டிக்கொண்டே, "என்ன சார், வீட்ல என்ன சொல்றாங்க?" என்றார். கணவர் பழக்கத்தில் வாயைத் திறந்தவர், அவள் பக்கம் திரும்பி நிறுத்திக்கொண்டார்.

"என் வகுப்பு முடிஞ்சு இங்க வர பஸ் இல்லைங்க. எங்களுக்கு வேண்டாம்" என்றாள் அவள்.

வீட்டுக்காரர் அப்போதும் கணவரையே பார்த்தார்.

"அவங்கதான் சொல்லிட்டாங்களே" என்றார் கணவர்.

மாதம் முடியப் போகிறது. இருக்கிற வீட்டுக்கு வேறு ஆள் முன்பணம் கொடுத்தாயிற்று. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வாடகைப் பலகை தேடி அலைந்தார்கள். ஒரு தெருவும் சரிப்படவில்லை. பின்னால் வந்த கணவர் கொஞ்சம் மெதுவாகப் போகச் சொன்னார். அவள் அடுத்த தெருவுக்குள் திரும்பிவிட்டிருந்தாள்.