போர்டக்காவின் கால் நனைந்த கதை

கடல் தண்ணீர் உப்பு என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நக்கிப் பார்த்தீர்களா, இல்லை யாரோ சொன்னதை நம்பிக்கொண்டிருக்கிறீர்களா? பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருந்தது, அப்பா சொன்னார், பக்கத்து வீட்டுக்காரர் சத்தியம் செய்தார் என்பதெல்லாம் செல்லாது. நேரில் போய், குனிந்து, ஒரு கை அள்ளி, நாக்கில் வைத்துப் பார்த்தவர்கள் மட்டும் கை தூக்குங்கள்.

போர்டக்காவால் தூக்க முடியாது. இத்தனைக்கும் அவர் மூன்று முறை கடற்கரைக்கு விடுமுறை போய் வந்தவர்.

போர்டக்கா என்பது பேருந்துப் பணிமனையில் அவருக்கு வைத்த பெயர். மறுநாள் எந்த வண்டியை யார் ஓட்டுவது என்று முடிவு செய்வது அவர் வேலை. அவருடைய அறையில் ஒரு சுவர் முழுக்கப் பச்சைப் பலகை. அதில் வரிசை வரிசையாக ஆணிகள். தொண்ணூற்றிரண்டு வண்டிகள். ஒவ்வொரு ஓட்டுநருக்கும் எண் பொறித்த ஒரு தகர வில்லை. வில்லை எந்த ஆணியில் தொங்குகிறதோ அந்த வண்டி அவர் தலையில். பிற்பகல் மூன்று மணிக்குப் பலகை முடிந்துவிட வேண்டும். அதற்குள் ஆளாளுக்கு ஒரு காரணத்தோடு ஜன்னலுக்கு வருவார்கள்.

“அக்கா, ஏழாம் நம்பர் ரூட்டுல ஒரு நாய் என்னை மட்டும் தொரத்துது.”

“அக்கா, பதினாலுல எங்க மாமியார் ஏறுறாங்க. இறங்கவே மாட்டேங்கறாங்க.”

போர்டக்கா மாற்றிக் கொடுப்பார். ஆனால் ஒரு சட்டம் உண்டு. வழியைக் கேட்டு வாங்கியவர் அப்புறம் மூச்சுக் காட்டக்கூடாது. பாதி வழியில் போன் செய்து, சீட்டு கிறீச்சிடுகிறது, வெயில் மூஞ்சியில் அடிக்கிறது என்று புலம்பினால் ஒரே பதில்தான்: “ரூட்டு நீங்க கேட்டது. வண்டி உங்களுது. பாத்துக்கங்க.” டக்கென்று போனை வைத்துவிடுவார். இருநூறு ஓட்டுநர்களும் அவரிடம் பெட்டிப்பாம்பு.

வீட்டிலும் ஒரு பலகை உண்டு. கண்ணுக்குத் தெரியாது. அதில் எல்லா ஆணியிலும் ஒரே வில்லை. யாருடையது என்று நான் சொல்ல வேண்டுமா? கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு?

ஒரு நாள் ஹாரன் ஜன்னலுக்கு வந்தார். ஹாரன் என்பது ஓர் ஓட்டுநர். அவர் ரகசியம் பேசினால் பேருந்து நிலையமே திரும்பிப் பார்க்கும் என்பதால் வந்த பெயர். முதல் முறையாகக் குடும்பத்தோடு கடலுக்குப் போகப் போகிறார். அனுபவஸ்தரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று வந்தார்.

“அக்கா, தண்ணி ஜில்லுனு இருக்குமா, வெதுவெதுனு இருக்குமா?”

“குழாய்த் தண்ணி கொஞ்சம் சப்புனு இருக்கும்.”

“குழாய் இல்லக்கா. கடலு.”

போர்டக்கா யோசித்தார். “ஜன்னல் சின்னது” என்றார்.

“என்ன ஜன்னல்?”

“சமையக்கட்டு ஜன்னல். முதல் தடவை போன வீட்டுல செவுரு தெரிஞ்சுது. ரெண்டாவது வீட்டுல அடுத்த வீட்டுக்காரர் ஜட்டி காஞ்சுது. மூணாவதுல எக்கிப் பாத்தா ஒரு விரக்கடை நீலமா என்னவோ தெரிஞ்சுது.”

“கால்கூட நனைக்கலையா?”

“நனைக்கத்தான் போனேன். பாத்திரமெல்லாம் கழுவிட்டு மணல் வரைக்கும் போயிட்டேன். வீட்டுக்காரர் துண்டை மறந்துட்டேன்னு கத்தினார். எடுக்க வந்தேன். வந்த கையோட எல்லாருக்கும் டீ போட்டேன்.”

ஹாரன் தலையைச் சொறிந்தார். “அப்ப நீங்க கடலுக்குப் போகலக்கா. கடல் பக்கத்துல இருக்கற அடுப்புக்குப் போயிட்டு வந்திருக்கீங்க.”

அவர் மெதுவாகத்தான் சொன்னார். டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவர்கள் முதல் வாசல் காவலாளி வரை எல்லோரும் சிரித்தார்கள். போர்டக்கா மட்டும் சிரிக்கவில்லை. அன்று மாலை வீட்டுக்குப் போனதும் பழைய விடுமுறைப் படங்களை எடுத்துப் பார்த்தார். மூன்று விடுமுறை, நூற்று நாற்பது படங்கள். ஒன்றில் மட்டும் அவர் இருந்தார். முழங்கையும் ஒரு கரண்டியும்.

இந்த முறை கால் நனைய வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை. முழுக் கடலும் வேண்டாம். கணுக்கால் வரை போதும்.

அந்த நேரம் பார்த்து வீட்டில், நான்காவது விடுமுறைக்கு எந்தக் கடலோர வீட்டை வாடகைக்கு எடுப்பது என்ற தேர்தல் சூடு பிடித்திருந்தது. வேட்பாளர்கள் நால்வர்.

கணவர் பள்ளியில் புவியியல் ஆசிரியர். அவருக்குக் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே இருக்கும் வீடுதான் வேண்டும். அலை ஏற்றம், இறக்கம், காற்றின் திசை எல்லாவற்றையும் வரைபடமாகப் போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தார். மாமனார் தண்ணீர் பம்புகளைப் பரிசோதிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குத் தெற்கே உள்ள அமைதியான வளைகுடா. “வடக்குப் பாத்த கடல் உடம்புக்கு ஆகாது” என்பார். யார் சொன்னார்கள் என்று கேட்டால், “சொல்றாங்க.” உலகத்தில் பாதி அறியாமை இந்த ‘சொல்றாங்க’ மேல்தான் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. கொழுந்தன் மெத்தைக் கடையில் விற்பனையாளர். முப்பத்தெட்டு வயது, தனிக்கட்டை. கடலைப் பற்றி அவருக்குக் கருத்தே கிடையாது. படத்தில் கட்டிலை மட்டும் பார்ப்பார். “இது நாலு இஞ்ச், ஸ்பிரிங் செத்துப்போச்சு. இது ஆறு இஞ்ச், தங்கம்” என்று ஆறு இஞ்ச் வீட்டுக்காகத் தொண்டை கிழியப் பிரசாரம் செய்தார். பதினேழு வயது மகளுக்கு மணல் வேண்டாம், அலை வேண்டாம், போனில் நான்கு கோடு சிக்னல் வேண்டும்.

நான்கு வீடுகளின் விளம்பரத்திலும் ஒரு வரி பொதுவாக இருந்தது. ‘நீங்களே சமைத்துக்கொள்ளலாம்.’ படித்தவர்கள் எழுதிய வரிதானே? யார் அந்த ‘நீங்கள்’ என்று ஒருவருக்காவது கேட்கத் தோன்றியதா? ஊர் உலகத்தில் எத்தனையோ சுரண்டலைப் பற்றிக் கூட்டம் போட்டு முழங்குகிறோம். கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், “சாப்பாடு ஆச்சா?” என்கிறோம்.

முதல் வாக்கெடுப்பில் நால்வரும் தத்தம் வீட்டுக்கே வாக்களித்தார்கள். ஆளுக்கு ஒன்று. மிச்சம் இருந்தது போர்டக்காவின் ஒரு வாக்கு. அவ்வளவுதான், வீட்டில் திடீரென்று அவருக்கு ராஜ மரியாதை.

“உனக்காகத்தான்மா இந்த வீட்டைப் பாத்தேன். நாலு பர்னர் அடுப்பு!” என்றார் கணவர்.

“இதுல ஃப்ரிட்ஜு ரெண்டு கதவு, அண்ணி” என்றார் கொழுந்தன்.

“அம்மா, இங்க மிக்ஸி ரெண்டு இருக்கு, நீ ஜாலியா இருக்கலாம்” என்றாள் மகள்.

“சமையல் என்னம்மா பெரிய வேலை?” என்றார் மாமனார். “அடுப்புதானே வேக வைக்குது. நீ சும்மா பக்கத்துல நிக்கற.”

போர்டக்கா எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு வேலைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேஜைக்கு மேலே ஒரு சின்னப் பச்சைப் பலகையை மாட்டினார். பணிமனையில் கழித்துப் போட்ட பலகை. ஐந்து ஆணி, ஐந்து தகர வில்லை. ஆணிகளுக்கு மேலே சாக்கட்டியால் எழுதியிருந்தார்: அடுப்பு, காய் நறுக்குதல், பாத்திரம், டீ, கடல்.

“எங்க டெப்போ சட்டம் ஒண்ணு இருக்கு” என்றார். “ரூட்டு கேக்கறவர்தான் வண்டி ஓட்டணும். யார் சொன்ன வீடு ஜெயிக்குதோ அவர் வில்லை அடுப்புல. அஞ்சு நாளும். மத்த மூணு பேரும் அடுத்த மூணு ஆணி. கடல்ல என் வில்லை. இப்ப மறுபடியும் ஓட்டுப் போடுங்க. மத்தியானம் வரைக்கும் பிரசாரம் பண்ணிக்கங்க.”

அந்த மூன்று மணி நேரத்தில் அந்த வீட்டில் நடந்த பிரசாரத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

கணவர் சுவரில் இருந்த வரைபடங்களைக் கழற்றினார். “நல்லா யோசிச்சா அங்க பாறை ஜாஸ்தி, வழுக்கும். விளக்கு வேற பளிச்சுப் பளிச்சுனு கண்ணுல அடிக்கும். அப்பா சொன்ன வளைகுடாதான் பெஸ்ட்.”

“நான் எங்கடா சொன்னேன்?” என்றார் மாமனார். “வடக்குப் பாத்த கடலுதான் மூட்டுவலிக்கு நல்லதாம். சின்னவன் சொன்ன ஆறு இஞ்சு மெத்தை வடக்குப் பாத்துதான் இருக்கு.”

“ஐயோ அப்பா, மெத்தையெல்லாம் வியாபாரத்துக்குச் சொல்றது. தரையில படுத்தாதான் முதுகுக்கு நல்லது. நம்ம பாப்பா பாத்த வீட்டுல பாரு, எவ்வளவு நல்ல தரை!”

“சித்தப்பா, சிக்னலே இல்லாம இருந்தாதான் மனசுக்கு நல்லதுன்னு படிச்சேன். அப்பாவோட கலங்கரை விளக்கம்தான் என் ஓட்டு.”

துண்டுச் சீட்டுகளைப் பிரித்தார்கள். ஒருவரும் தன் வீட்டுக்கு வாக்களிக்கவில்லை. மறுபடியும் ஆளுக்கு ஒன்று. மறுபடியும் மிச்சம் ஒரு வாக்கு. நால்வரும் போர்டக்காவைப் பார்த்தார்கள், டிக்கெட் எடுக்காமல் மாட்டிக்கொண்டவர்கள் பரிசோதகரைப் பார்ப்பதுபோல.

கணவர்தான் முந்திக்கொண்டார். “எதுக்கு இவ்வளவு சண்டை? பேசாம இந்த வருஷம் வீட்டுலயே இருந்துடலாமே!”

நன்றாகக் கவனியுங்கள். பன்னிரண்டு நாளாகக் கடல் கடல் என்று குதித்தவர்கள். அடுப்பு தங்கள் பக்கம் திரும்பியதும் கடலே வேண்டாமாம். இத்தனை நாள் அவர்கள் ஆசைப்பட்டது கடலுக்கா, கடலோரத்தில் இன்னொருவர் ஆக்கிப் போடும் சோற்றுக்கா?

“இருக்கலாமே” என்றார் போர்டக்கா. “போர்டும் இங்கதானே இருக்கு.”

நால்வரும் பலகையில் இருந்த அடுப்பு ஆணியைப் பார்த்தார்கள்.

“கலங்கரை விளக்கம்” என்று சொல்லிவிட்டுப் போர்டக்கா தன் சீட்டை மேஜையில் வைத்தார்.

“ஏம்மா, அந்தக் கடற்கரையா உனக்குப் புடிச்சிருக்கு?” என்று ஈனஸ்வரத்தில் கேட்டார் கணவர்.

“நான் கடற்கரையைப் பாத்துப் போடலங்க. டிரைவரைப் பாத்துப் போட்டேன்.”

போனார்கள். மதியம் போய்ச் சேர்ந்ததும் பலகையை அந்த வீட்டுச் சமையலறையில் மாட்டிவிட்டு, ஐந்து வில்லைகளையும் தொங்கவிட்டுவிட்டு, போர்டக்கா வாசலுக்கு வந்தார். செருப்பைக் கழற்றினார். வீட்டில் இருந்து தண்ணீருக்கு எழுபது எட்டு வைக்க வேண்டும். எட்டுக்கு ஒன்றிரண்டு நிமிடம் நின்று, ரசித்து ரசித்து நடந்தார்.

இருபதாவது எட்டில், டீ ஆணியில் இருந்த மாமனார் குரல். “ஏன்டா, அரை மணி நேரமா நிக்கறேன், இந்த அடுப்பு ஒண்ணுமே பண்ண மாட்டேங்குதே!” அவர் பக்கத்தில் சும்மாதான் நின்றுகொண்டிருந்தார். சிலிண்டரை அதுவரை யாரும் திறக்கவில்லை.

நாற்பதாவது எட்டில், பாத்திர ஆணியை விட்டுவிட்டு அடுப்பை எட்டிப் பார்த்த கொழுந்தன். வெந்ததா என்று பார்க்க, சோற்றை மெத்தை அமுக்குவதுபோல் உள்ளங்கையால் அமுக்கிவிட்டு, “ஐயோ அண்ணி!” என்று அலறினார். மகள் நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கினாள். அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் பகுத்தறிவு.

அறுபதாவது எட்டில் கணவர் சமையலறை ஜன்னலில் இருந்து கத்தினார். “ஏம்மா! உப்பு எங்க இருக்கு?”

போர்டக்காவின் கால்கள் தாமாகவே திரும்பின. அவரைக் கேட்காமலே திரும்பின. இருபத்தொரு வருடப் பழக்கம், சும்மா விடுமா? போன முறை துண்டு, இந்த முறை உப்பு. அலை அவருக்குப் பின்னால் பத்து எட்டில் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. ஓர் எட்டு வீட்டுப் பக்கம் வைத்தும்விட்டார்.

அப்புறம் நின்றார். இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, ஹாரனே வெட்கப்படும் குரலில் கத்தினார்:

“ரூட்டு நீங்க கேட்டது! வண்டி உங்களுது! பாத்துக்கங்க!”

திரும்பி நடந்தார். தண்ணீர் கணுக்காலில் ஏறியது. ஜில்லென்றும் இல்லை, வெதுவெதுப்பும் இல்லை. காலுக்குக் கீழே மணல் கழன்று ஓடியது. குழந்தைபோல் ஒரு கூச்சல் போட்டார். குனிந்து ஒரு கை அள்ளி நாக்கில் வைத்தார். முகம் கோணியது. த்தூ என்று துப்பிவிட்டு, நம்பிக்கையில்லாதவர்போல் இன்னொரு முறை அள்ளி நக்கினார். நிரூபணம் ஆயிற்று.

“உப்பு கிடைச்சுதுங்க!” என்று கத்தினார். “இங்க நிறைய இருக்கு!”

அன்று எல்லோரும் உப்பில்லாத சோறு தின்றார்கள். யாரும் சாகவில்லை.

இப்போது எழுந்து போய் உங்கள் வீட்டு விடுமுறைப் படங்களை எடுத்துப் பாருங்கள். முழங்கையாக மட்டும் வந்திருப்பவர் யார் என்று தேடுங்கள். அடுத்த முறை கடலுக்குப் போனால், முதலில் அவரை இறக்கிவிடுங்கள். உப்பு எங்கே என்று மட்டும் அவரைக் கேட்காதீர்கள்.