பெரிய பொட்டு வைத்த பெட்டி

போன வருடம், ஆயுத பூஜை முடிந்து நாலைந்து நாள் இருக்கும். மணவாள நகரில் என் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்திருந்தேன். என் வேலையே அப்படித்தான். தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையின் கணினிகளை இணைக்கும் ஸ்விட்ச் பெட்டிகளை வீட்டிலிருந்தே கண்காணிப்பேன். கோளாறு வந்தால் இங்கிருந்தே சரிசெய்வேன். அந்த ஆலைக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. ஆனாலும் எல்லாம் என் விரல் நுனியில் என்று ஒரு திமிர்.

அந்தத் திமிரில்தான் அங்கே துப்புரவு வேலை பார்க்கும் அக்காவைப் போனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தேன். பூஜைக்கு ஸ்விட்ச் பெட்டிகளுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டாராம். "உள்ள ஈரம் எறங்கினா இன்னா ஆவும் தெரியுமா? எல்லாத்தையும் தொடச்சிடுங்க" என்றேன். "சரி மேடம்" என்றதோடு வைத்துவிட்டார்.

அன்று பகல் பதினொரு மணிக்கு, பேக்கிங் பகுதிக்கான பெட்டியில் ஓர் இணைப்பு தகராறு செய்தது. அதை மட்டும் அணைத்துப் போடலாமென்று அந்த இணைப்பின் எண்ணைத் தட்டினேன். தப்பான எண்! நான் உள்ளே நுழைந்த வழியையே மூடிவிட்டேன். சாவியை உள்ளே வைத்துவிட்டு வீட்டைச் சாத்திக்கொண்டு வந்த கதைதான். திரையில் சிவப்பு. பேக்கிங்கில் லேபிள் அடிப்பது நின்றுவிட்டது. இன்னொரு தப்பு நடந்தால் வேலையில் இருக்க முடியாது என்று மேலாளர் எச்சரித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

ஒரே வழி, யாராவது அந்தப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிச் செருகுவது. நான் செய்த மாற்றத்தைச் சேமிக்கவில்லை என்பதால் பழையபடி ஆகிவிடும். அங்குள்ள இன்ஜினியரோ விடுப்பில். பெட்டிகள் இருக்கும் அறையின் சாவி வைத்திருக்கும் இன்னொரு ஆள், நான் திட்டிய அக்காதான். வெட்கத்தை விட்டுக் கூப்பிட்டேன்.

"இன்னா மேடம், கொரலே ஒரு மாதிரி கீது?"

விஷயத்தைச் சொன்னேன். அறைக்கு ஓடினார். நாலு பெட்டியும் ஒரே மாதிரி. ஒட்டிய பெயர்ச்சீட்டுகள் எப்போதோ உதிர்ந்துவிட்டன. தப்பானதைப் பிடுங்கினால் ஓடுகிற இயந்திரங்களும் நின்றுவிடும். "பேக்கிங்குக்குப் போறது எதுன்னு எப்படிக்கா கண்டுபிடிக்கிறது?" என்றேன், அழாத குறையாக.

அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"கோச்சிக்காத மேடம். பேக்கிங்ல எம்பொண்ணு வேலை செய்யுது. அது பக்கம் போற பொட்டி எதுன்னு இன்ஜினியராண்ட கேட்டுக்கினு, அதுக்கு மட்டும் பெருசா பொட்டு வெச்சேன். மத்த மூணையும் தொடச்சிட்டேன். இத்த தொடைக்க மனசு வர்ல."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "நல்லவேளை தொடைக்கலக்கா! அதையே பிடுங்குங்க" என்றேன்.

பிடுங்கினார். இருவரும் சேர்ந்து பத்து வரை எண்ணினோம். செருகினார். பெட்டி விழித்துக்கொள்ள நாலு நிமிடம் ஆனது. அதுவரை போனை வைக்கவே இல்லை. "பயப்படாத கண்ணு, நான் இங்கதான் நின்னுக்கினு கீறேன்" என்றார். மேடம் எப்போது கண்ணு ஆனேன் என்று தெரியவில்லை.

"பச்சையா மினுக்குது!" என்று அவர் கத்தியபோது என் திரையும் பச்சையானது. "காலைல நாஷ்டா துன்னியா இல்லியா? மொதல்ல போய்த் துன்னு" என்று அதட்டிவிட்டு வைத்தார்.

தப்பு என்னுடையதுதான் என்று மேலாளரிடம் நானே சொன்னேன். நன்றாகத் திட்டு விழுந்தது, வேலை போகவில்லை. இந்த வருட ஆயுத பூஜைக்கு முதல் முறையாகத் தேர்வாய் கண்டிகைக்கு நேரில் போனேன். அக்கா குங்குமக் கிண்ணத்தை என்னிடமே நீட்டினார். பக்கத்தில் அவர் மகள் சிரித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெட்டிக்கு நானே பெரிய பொட்டாக வைத்தேன்.

இன்றும் எந்த எண்ணைத் தட்டும் முன்பும் என் விரல் ஒரு கணம் நிற்கிறது. இந்த ஒயரின் மறுமுனையில் யார் வீட்டுப் பிள்ளை வேலை பார்க்கிறதோ என்று மனம் கேட்டுக்கொள்கிறது.