ஃபிட்ஸ் வரவேண்டி ஒரு வேண்டுதல்

பெற்ற தாய் எண்ணெய் வைத்து அனுப்பும் தலையை ஷாம்பு போட்டுக் கழுவுவதுதான் இ.இ.ஜி. டெக்னீஷியன் தொழிலில் பாதி. மாத்திரைக்கு அடங்காத வலிப்பு உள்ள பிள்ளைகளில் யாருக்கு ஆபரேஷன் செய்தால் நிற்கும் என்று ஆராய்கிற குழுவில், மூளையில் ஓடும் மின்சாரத்தைப் பதிவு செய்யத் தலையில் ஒயர் ஒட்டுகிற வேலை எனக்கு. என்னைப் போலவே பசையும் பஞ்சுமாக அல்லாடும் சக ஜீவன்களே, மாரண்டஹள்ளி நந்தினியால் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

எண்ணெய்

எங்கள் குழு நடத்தும் தர்மபுரி முகாமுக்கு முதல் தடவை வந்தபோது நந்தினிக்குத் தினமும் ஃபிட்ஸ். வகுப்பில் இரண்டு தரம் விழுந்ததும், "சரியாகட்டும், அப்புறம் அனுப்புங்க" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்களாம். பையை மட்டும் விடாமல் தோளிலேயே மாட்டிக்கொண்டு திரிந்தது அந்தப் பெண்.

எண்ணெய் வைக்காமல் வரச்சொல்லிப் போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அம்மா கோவிந்தம்மா கூட்டிவந்தது நெற்றியில் எண்ணெய் வழிய, கனகாம்பரம் வைத்த தலையை. ஒயர் ஒட்டினால் வழுக்கிக்கொண்டு காதுக்கு வருகிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அதற்கு அந்தம்மா சாவகாசமாகச் சொன்னார்: "அவ்ளோ பெரிய டாக்டருங்க பாக்கறப்ப, புள்ளைய பரட்டத் தலையோடவாங்க கூட்டியாறது?"

வீடியோ

ஃபிட்ஸ் எப்படி ஆரம்பிக்கிறது என்று வீட்டிலேயே போனில் படம் பிடிக்கச் சொன்னோம். அப்பா மாதேஷ் தக்காளி விவசாயி. பிடித்துக்கொண்டு வந்தார். முதலில் நந்தினி சிரிக்கிறாள். அப்புறம் தக்காளிக் கூடை, கூரை ஓடு, மாதேஷின் கட்டைவிரல், மறுபடி கூரை ஓடு.

"பிள்ளை எங்கேங்க?" என்றேன், கொஞ்சம் கடுப்பாகத்தான். மனுஷன் என்னைப் பாவமாகப் பார்த்தார். "புள்ளைய புடிக்கறதா, போன புடிக்கறதா மேடம்?"

பூ கேட்டது

பிறகு சிட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தலையில் ஒயர், எதிரே கேமரா, டாக்டர் மாத்திரையைக் குறைத்துவிட்டார். இனி ஃபிட்ஸ் வர வேண்டும். மூளையில் எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது என்று பார்த்தால்தான் ஆபரேஷன். பார்க்க முடியாவிட்டால் நந்தினி பையோடு வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான். தினமும் வந்தது அங்கே வரவே இல்லை. நாள் போகப் போக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒருநாள் கோவிந்தம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு உண்மையைச் சொன்னார். ஆஸ்பத்திரியில் இருக்கிற வரை வரவே கூடாது என்று ஊர் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டுதான் பஸ் ஏறினாராம். எனக்குச் சாமி பக்தி குறைச்சல். ஆனாலும் அன்றைக்கு நானே போனை எடுத்துக் கொடுத்து, ஊரில் இருந்த கொழுந்தனாரிடம் பேசச் சொன்னேன். அவர் கோயிலுக்குப் போய், ஃபிட்ஸ் வரட்டும் என்று வேண்டுதலை மாற்றிக்கொள்ளலாமா என அம்மனிடம் பூ கேட்டார். சாமி தலையிலிருந்து பூ வலப்பக்கம் விழுந்தது. மாற்றிக்கொள்ளலாம்.

மறுநாள் இட்லி சாப்பிடும்போது ஃபிட்ஸ் வந்தது. ஒரே ஒரு சின்ன இடத்தில் கிளம்பியது திரையில் தெளிவாகத் தெரிந்தது. நர்ஸ் ஓடிவந்து பிள்ளையைக் கவனித்தார். அது அடங்கி நந்தினி கண் திறந்ததும் நான் நர்ஸைக் கட்டிக்கொண்டு குதித்தேன். டியூட்டிக்குப் புதிதாக வந்த டாக்டர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். மாத்திரை குறைத்ததால் வந்தது என்று பெரிய டாக்டர் விளக்கினார். கோவிந்தம்மா பிள்ளையின் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இதோட போயிடணும்னும் சேத்துத்தான் கேக்கச் சொன்னேங்க."

ரெட்டை ஜடை

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு தடவைகூட வரவில்லை. போன மாதம் தர்மபுரிக்கு மறுபரிசோதனைக்கு வந்தாள். பள்ளிச் சீருடை, அதே பை, சிவப்பு ரிப்பன், தலை நிறைய மினுமினுவென்று எண்ணெய்.

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள். "எண்ண வெச்சு ரெட்ட ஜடை போடாம போனா எங்க டீச்சர் உள்ள விடமாட்டாங்க மேடம்."

மூளைக்குள் ஃபிட்ஸ் ஒளிந்திருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டோம், இந்தத் தேங்காயெண்ணெய்க்குத்தான் இன்னும் வைத்தியம் தெரியவில்லை என்று முனகிக்கொண்டே, வாயெல்லாம் பல்லாக ஷாம்பு பாட்டிலைத் திறந்தேன்.