வட்டமான தடம்

ஃபோல்க்மார் டிகல்பெக்கின் வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்காது. கை குலுக்கினால் அந்த இரண்டும் குச்சிபோல நம் மணிக்கட்டில் முட்டும். ஒரு காலத்தில் டென்னிஸ் தரவரிசையில் உலகின் முதல் நூறு பேருக்குள் இருந்த கை அது. இப்போது எங்கள் கிளப்பில் பிள்ளைகளுக்கும், தொப்பை குறைக்க வரும் வங்கி அதிகாரிகளுக்கும் பந்து போட்டுக்கொண்டிருக்கிறது.

அவர் வரும் காரில் அவருடைய அப்பா எகோனும் வருவார். எண்பதை நெருங்கும் கசாப்புக்காரர். இடது கண் கிடையாது. மூக்குக்கண்ணாடியில் அந்தப் பக்கம் மட்டும் கறுப்பு. மகன் ஆடும்போது எல்லோரும் உட்காரும் பெஞ்சில் அவர் உட்காரமாட்டார். கம்பிவேலிக் கதவைத் திறந்து, உள்ளே ஓரடி எடுத்துவைத்து, ஆடுகளத்தின் ஓரத்திலேயே நிற்பார். கண் போன மனிதர், கிட்டே நின்றால்தான் தெரியும் போலிருக்கிறது என்று கிளப்பில் விட்டுவிட்டார்கள்.

நான் அதே கிளப்பின் இரண்டாம் அணியில் ஆடுகிறேன். வெளியூர் ஆட்டங்களுக்கு ஃபோல்க்மாரின் காரில்தான் போவேன். பேசத் தெரியாத இரண்டு பேர் ஒரே காரில் நெடுந்தூரம் போனால், யாராவது ஒருவர் என்றைக்காவது வாயைத் திறக்கத்தான் வேண்டும். திறந்தது அவர்.

அவர் பிறந்தது கால்வாயை ஒட்டிய தெருவில், கசாப்புக்கடையின் மாடியில். எண்பதுகளில் நாடே டென்னிஸ் பைத்தியம் பிடித்து அலைந்தது. எகோனுக்கும் பிடித்தது. அவருக்கு ஒரு பந்தைக்கூட ஒழுங்காக அடிக்கத் தெரியாது. ஆனால் ஒரு பன்றியை எந்த இடத்தில் அடித்தால் ஒரே அடியில் விழும் என்று தெரிந்தவருக்கு, ஒரு பையனை எந்த இடத்தில் அடித்தால் விழாமல் ஓடிக்கொண்டே இருப்பான் என்றும் தெரிந்திருந்தது.

எங்கள் பக்கம் டென்னிஸ் என்றால் செம்மண் ஆடுகளம்தான். அரைத்த செங்கல் தூளைப் பரப்பிய தரை. பந்து விழுந்த இடத்தில் தடம் பதியும். உள்ளூர் ஆட்டங்களில் ஒவ்வொரு ஆடுகளத்துக்கும் நடுவர் கிடையாது; தன் பக்கம் விழுந்த பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று ஆடுபவனே சொல்லவேண்டும். எதிராளி சந்தேகப்பட்டால் தடத்தைக் காட்டவேண்டும். காட்டுவதற்கு முன் காலால் தேய்த்து அழித்துவிட்டால், பந்து உள்ளே விழுந்ததாகக் கணக்கு.

எகோனின் பயிற்சி அந்தத் தடத்தை வைத்துத்தான். மகன் அடித்த பந்து கோட்டுக்கு வெளியே போனால், பிடரியைப் பிடித்து வலைக்கு அந்தப்பக்கம் இழுத்துப் போவார். தடத்துக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து அழுத்துவார்.

"பாத்தியா? நீ பொய் சொல்லுவ. நான் பொய் சொல்லுவேன். இது சொல்லாது."

"பாத்தேம்ப்பா."

"இப்ப அழி."

பையன் எழுந்து காலால் தேய்ப்பான். வாயில் செம்மண் இருக்கும். தேய்ப்பது சரியில்லை என்றால் மண்ணை நனைக்க வைத்திருக்கும் ரப்பர் குழாயால் தொடையில் ஒன்று விழும். குழாய்க்குள் தண்ணீர் இருந்தால் அடி வேறு மாதிரி, காலிக் குழாய் என்றால் வேறு மாதிரி. கண்ணை மூடிக்கொண்டே எது என்று சொல்லிவிடுவேன் என்றார் ஃபோல்க்மார், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. அதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தார்.

பதினாறு வயதில் அவருக்கு ஒரு வழி திறந்தது. வட்டாரச் சாம்பியன் பட்டத்தை வெல்பவனுக்கு மாநிலச் சங்கத்தின் பயிற்சி விடுதியில் இடம். அங்கேயே படுக்கை, சாப்பாடு, பள்ளிக்கூடம். பெற்றோருக்கு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அனுமதி. அவருக்குப் பட்டம் பெரிதாகத் தெரியவில்லை. அந்தப் படுக்கைதான் தெரிந்தது. குழாய் எட்டாத ஊரில் ஒரு படுக்கை.

இறுதி ஆட்டம் எங்கள் கிளப்பின் மூன்றாம் ஆடுகளத்தில் நடந்தது. எதிரே ஒரு பல் மருத்துவரின் மகன், ஆன்ஸ்கார். முதல் செட்டின் கடைசியில் ஆன்ஸ்கார் அடித்த பந்து கோட்டைத் தாண்டி இரண்டு விரல் தள்ளி விழுந்தது. "அவுட்" என்றார் ஃபோல்க்மார். சொன்ன வாய் மூடுவதற்குள் கால் தானாகப் போய்த் தடத்தைத் தேய்த்துவிட்டது. அத்தனை வருடமாகப் பழகிய கால்.

ஆன்ஸ்கார் வலையருகே வந்தான். "தடத்தக் காட்டு."

காட்ட ஒன்றுமில்லை. புள்ளி போனது, அதோடு செட்டும் போனது. செம்மண்ணில் வளர்ந்த எட்டு வயதுக் குழந்தைகூடச் செய்யாத தவறு.

இடைவேளையில் எகோன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்த மகனின் வாயில் புறங்கையால் அறைந்தார். உதடு பல்லில் குத்திக் கிழிந்தது.

"உன்ன யாருடா அழிக்கச் சொன்னது?"

"நீதாம்ப்பா."

இரண்டாவது அறை காதின்மேல் விழுந்தது. கொஞ்ச தூரத்தில் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி சாசேஜைப் புரட்டினார்கள். எகோன் வெளியே போகவில்லை. கதவடியிலேயே நின்றுகொண்டார்.

"ஆடு. தோத்துப் பாரு, வீட்டுல கொக்கியில தொங்கவிடுறேன்."

ஃபோல்க்மாருக்குக் காதுக்குள் ஒரு விசில் சத்தம். பந்தோடு போய் சர்வீஸ் போடக் கோட்டில் நின்றார். ஆன்ஸ்கார் முதுகைக் காட்டிப் பின்வேலியோரம் பந்து பொறுக்கிக்கொண்டிருந்தான். ஃபோல்க்மார் பந்தைத் தூக்கிப்போட்டு, சர்வீஸ் கட்டத்தைப் பார்க்காமல், கதவைப் பார்த்து அடித்தார். தன் வாழ்நாளில் அதைவிடச் சுத்தமாக ஒரு பந்தை அடித்ததில்லை என்று என்னிடம் சொன்னார்.

ஈரத் துணியைக் கல்லில் அறைந்ததுபோல ஒரு சத்தம். எகோன் மண்டியிட்டு விழுந்தார். விரல்களுக்கிடையே ரத்தமும், ரத்தத்தைவிடக் கெட்டியான ஏதோ ஒன்றும் வழிந்தது.

அடுத்து நடந்ததைப் பார்த்தது ஃபோல்க்மார் ஒருவர்தான். எகோன் கத்தவில்லை. இடது கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, வலது கையால் தரையைத் தடவிப் பந்தைத் தேடி எடுத்தார். தனக்கு ஒரு கை தூரம் முன்னால் செம்மண்ணில் அதை வைத்து, கசாப்புக்காரரின் முழு பலத்தோடு அமுக்கினார். எடுத்தார். பந்தை உருட்டிவிட்டார். அப்புறம்தான் மல்லாந்து படுத்தார்.

பக்கத்து ஆடுகளத்திலிருந்து தலைமை நடுவர் ஓடி வந்தார். இர்ம்ட்ரௌட் கெஸ்மையர் என்ற பள்ளி ஆசிரியை. வேண்டுமென்றே அடித்திருந்தால் அங்கேயே நீக்கம். பட்டமும் விடுதியும் போகும். அதற்கு மேல் தடையும் வரும்.

"இங்க குத்தி எகிறுச்சு," என்றார் எகோன், படுத்தபடியே. "மண்ணு சரியில்ல. கெட்ட எகிறல். தடம் இருக்கு, பாருங்க கெஸ்மையர் டீச்சர்."

கெஸ்மையர் முழங்காலிட்டு அந்தத் தடத்தைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். பிறகு விரலால் அதைச் சுற்றி ஒரு கோடு போட்டார்.

"கெட்ட எகிறல்தான். ஆம்புலன்ஸ் வந்து போகட்டும். அப்புறம் ஆடுங்க."

அடுத்த இரண்டு செட்களில் ஃபோல்க்மார் ஆன்ஸ்காரை ஆடவிடவில்லை. வலைக்கு வந்தால் உடம்பைப் பார்த்து அடித்தார். ஒன்று தொண்டையில் பட்டது, ஒன்று அடிவயிற்றில். கோப்பையை வாங்கும்போது சட்டையெல்லாம் அவருடைய உதட்டு ரத்தம். படுக்கை கிடைத்துவிட்டது.

மருத்துவமனையில் எகோன் கட்டுப்போட்ட தலையோடு மகனைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"குறி நல்லாருந்துச்சுடா."

எகோன் மகனின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நான் வாயத் தொறந்திருந்தா நீ இன்னைக்கே காலி. ஒரு கண்ணக் குடுத்து உன்னக் காப்பாத்திருக்கேன். இனிமே நீ அடிக்கிற ஒவ்வொரு பந்தும் என்னோடது. புரியுதா?"

அதற்குப் பிறகு எகோன் அவரை அடித்ததே இல்லை. தேவைப்படவில்லை. விடுதிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார். சங்கத்தின் பயிற்சியாளர்களைத் துரத்தினார். பெரிய போட்டிகளின் தகுதிச் சுற்றுகளில் வேலியோரம் நின்றார். மகன் தோற்றால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். வேறொன்றும் செய்யமாட்டார்.

அடிக்க ஆள் இல்லாதபோது ஃபோல்க்மார் அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். தோற்ற பிறகு மட்டையின் விளிம்பால் தன் முழங்காலில் ரத்தம் வரும்வரை தட்டுவார். உடைத்த மட்டைகளுக்கு அளவில்லை. போர்ச்சுகலில் ஓர் ஆட்டத்தில் நடுவரின் ஏணி நாற்காலியை உதைத்துச் சாய்த்தார். நடுவர் அதில் உட்கார்ந்திருந்தார். ஆறு மாதத் தடை. இரட்டையர் ஆட்டத்துக்கு யாரும் சேரமாட்டார்கள். ஆனாலும் தரவரிசையில் ஏறினார். புல்தரையில் ஒருமுறை மூன்றாம் சுற்று வரைக்கும் போனார். ஊர்ச் செய்தித்தாளில் கசாப்புக்கடை முன்னால் எகோன் நிற்கும் படம் வந்தது.

இத்தாலியில் ஒரு கடலோர ஊரில் எல்லாம் முடிந்தது. மேட்ச் பாயிண்ட்டை நழுவவிட்டுத் தோற்ற சாயங்காலம் எகோன் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. இன்னைக்கு இந்தக் கண்ணு ரொம்ப வலிக்குது. அதான்."

ஃபோல்க்மார் தொலைபேசியை மெதுவாக வைத்தார். உடைமாற்றும் அறையின் கல் சுவரில் வலது கையால் குத்தினார். கை உடைந்தது தெரிந்தது. தெரிந்த பிறகும் குத்தினார். நான்கு அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின்னும் அந்த இரண்டு விரல்கள் மடங்கவில்லை. திரும்பி வந்து மறுபடி கசாப்புக்கடை மாடியில் ஏறினார். எங்கள் கிளப் வேலை கொடுத்தது. எகோன் காரில் முன் இருக்கையில் ஏறிக்கொண்டார்.

போன ஜூனில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கான லீக் ஆட்டம் எங்கள் கிளப்பில் நடந்தது. மூன்று விரலால் மட்டையைப் பிடித்து ஃபோல்க்மாரும் ஆடினார். முதல் செட் போய்விட்டது. நடுவில் மழை பிடித்தது. எல்லோரும் கிளப் கூரைக்குக் கீழே ஒதுங்கினோம். வந்த அணிக்கு உருளைக்கிழங்கு சாலட்டும் பியரும் கொடுத்தோம். எகோனுக்குத் தன் கதையைக் கேட்க ஆள் கிடைத்தது.

"இந்தக் கண்ணு எப்படிப் போச்சுன்னு கேளுங்க. கெட்ட எகிறல். பையன் அன்னைக்குச் சாம்பியன் ஆனான். நான் மட்டும் வேற மாதிரி பேசியிருந்தா..." நிறுத்தி, மகனைப் பார்த்துச் சிரித்தார். "இல்லடா?"

எப்போதும் அந்த இடத்தில் நிறுத்துவார். ஃபோல்க்மார் பியர் பாட்டிலின் லேபிளைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

மூலையில் கெஸ்மையர் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்று வெகுகாலம் ஆனவர். இடுப்பு அறுவைக்குப் பிறகு அன்றுதான் கிளப் பக்கம் வந்திருந்தார்.

"அது வட்டமா இருந்துச்சு, எகோன்," என்றார்.

"எது?"

"உங்க தடம். நெசமா விழுற பந்து வழுக்கிட்டுப் போகும். தடம் நீளமா, முட்டை மாதிரி விழும். அது காசு மாதிரி வட்டம். பக்கத்துல உங்க விரல் பதிஞ்சிருந்துச்சு."

கூரையில் மழை. யாரோ முள்கரண்டியைக் கீழே வைத்தார்கள்.

எகோன் கேட்டார், "அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க பையன அறைஞ்சதப் பாத்துட்டுத்தான் வந்துட்டிருந்தேன். அவன் உங்க வீட்டவிட்டுப் போனாப் போதும்னு இருந்துச்சு. நீங்க தடம் போடலன்னாலும் நான் அங்க ஒரு தடத்தப் பாத்திருப்பேன்."

சொல்லிவிட்டு மீதிக் கேக்கைச் சாப்பிட்டார். ஃபோல்க்மார் சுரண்டுவதை நிறுத்தியிருந்தார்.

மழை விட்டது. ஆட்டம் தொடர்ந்தது. எகோன் வழக்கம்போலக் கதவைத் திறந்து ஓரடி உள்ளே வந்து நின்றார். ஃபோல்க்மார் இரண்டு சர்வீஸை வலையில் அடித்தார்.

"கையத் தூக்குடா, செத்த கோழி மாதிரி இருக்கு," என்றார் எகோன்.

ஃபோல்க்மார் மட்டையோடு கதவை நோக்கி நடந்தார். பெஞ்சில் இருந்த எல்லோரும் எழுந்துவிட்டோம். எகோன் நகரவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இமை தைத்த பள்ளத்தையும் அதற்குப் பக்கத்தில் இருந்த நல்ல கண்ணையும் காட்டி நின்றார்.

"அடி. இன்னொண்ணு மிச்சமிருக்கு."

மட்டை உயர்ந்தது. அது எகோனின் தலைக்குப் பக்கத்தில் இரும்புக் கம்பத்தில் இறங்கி இரண்டாக முறிந்தது. இன்னொரு கையால் ஃபோல்க்மார் அப்பாவின் சட்டைக் கழுத்தைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி வெளியே தள்ளினார். கிழவர் ஈரச் சரளையில் முழங்கையும் முகவாயும் தேய விழுந்தார். ஃபோல்க்மார் கதவை இழுத்துச் சாத்தி, உள்ளே இருந்து தாழ்ப்பாள் போட்டார். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருப்பதையே அன்றுதான் நான் கவனித்தேன். துருப்பிடித்து, அடித்து இறக்க வேண்டியிருந்தது.

"எனக்கு நீ போட்ட தடம் தேவையே படலப்பா," என்றார் கம்பிவேலிக்கு உள்ளே இருந்து. "நான் குறி பாத்துத்தான் அடிச்சேன். எல்லாரும் கேட்டுக்கங்க."

பையிலிருந்து வேறு மட்டையை எடுத்துக்கொண்டு போய் ஆடினார். எகோன் எழுந்து இரண்டு கையாலும் வேலியை அடித்துக்கொண்டிருந்தார். கம்பி வலை முழுக்க அதிர்ந்தது. நாங்கள் இரண்டு பேர் பிடித்து இழுத்தும் விடவில்லை. என் கையில் கடித்துவிட்டார். ஆட்டம் அந்தச் சத்தத்திலேயே நடந்து, அந்தச் சத்தத்திலேயே முடிந்தது. ஃபோல்க்மார் தோற்றார்.

பிறகு எல்லோரும் செய்வதுபோல இழுவலையைப் பிடித்து ஆடுகளத்தைச் சமன்செய்தார். விளிம்பிலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே வந்தார். கதவடியில் ஒரு முறைக்கு இரண்டு முறை இழுத்தார். இழுவலையை வேலியில் மாட்டிவிட்டு, தாழ்ப்பாளைத் திறந்து வெளியே வந்தார்.

எகோன் முகவாயில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். "கதவத் தொற. குளுருது."

ஃபோல்க்மார் தன் பக்கக் கதவை மட்டும் திறந்தார்.

"பஸ் வரும்ப்பா. அதுல போ."